நாக்குக்குத் தெரியாத விஷம்

கோவளத்தில் ஒரு கிணற்றடி. தண்ணீரை வாயில் விட்டுத் துப்பிய அம்மா சொன்னார்: "உப்பு ஏறிடுச்சு தம்பி, துணி துவைக்கத்தான் ஆகும்." ஆய்வுக்கூடமே தேவைப்படவில்லை. ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் உப்பங்கழி. நடுவே மணலுக்குள், கனமான உப்புநீரின் மேல் மழைநீர் மிதந்து கிடக்கிறது. மோட்டார் போட்டு அளவு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறும். ஏறினால் நாக்கு சொல்லிவிடும்.

இதே கடலின் வடகோடியில், கங்கையும் பிரம்மபுத்திராவும் வந்து சேரும் இடத்தில், நாக்கு ஏமாந்துபோனது.

வங்கத்துக் கிராமங்கள் குளத்து நீரைக் குடித்தவை. காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. அதனால் 1970களில் வங்கதேசத்தில் யுனிசெஃப் உதவியோடு அடிபம்புகள் போட்டார்கள். பிறகு ஜனங்களே சொந்தக் காசில் லட்சக்கணக்கில் போட்டுக்கொண்டார்கள். சில்லென்று, கண்ணாடி மாதிரி தண்ணீர். யாருடைய நோக்கத்தையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம், 1983இல், கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹாவிடம் மேற்கு வங்கக் கிராமத்து நோயாளிகள் வந்தார்கள். உடம்பெல்லாம் மழைத்துளி பட்டதுபோலப் புள்ளிகள், உள்ளங்கையில் காய்ப்பு. ஊரில் குஷ்டம் என்று ஒதுக்கினார்கள். ஆனால் அது ஆர்செனிக். நம் சித்த வைத்தியர்கள் பாஷாணம் என்று பயந்து பயந்து கையாண்ட அதே சரக்கு.

இதைக் கலந்தது எந்த ஆலையும் இல்லை. இமயமலைப் பாறைகள் தேய்ந்து, ஆற்றோடு வண்டலாக வந்தன. அந்த மணல் துகள்களின் மேல் படிந்த இரும்புத்துருவில் ஆர்செனிக் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்டியிருக்கும்வரை ஆபத்தில்லை. ஆனால் வண்டலோடு புதைந்த இலைதழை மக்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அப்புறம் நுண்ணுயிரிகள் இரும்பை வைத்துத்தான் 'மூச்சு' விடுகின்றன. துரு கரைகிறது, ஆர்செனிக் தண்ணீரில் இறங்குகிறது. காற்றுப் படும் திறந்த கிணறுகள் பெரும்பாலும் தப்பின. மிக ஆழத்துப் பழைய மணலும் தப்பியது. மாட்டியது இடைப்பட்ட ஆழம். அடிபம்புகள் இறங்கியதும் அங்கேதான்.

1992இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் வங்கதேசக் கிணறுகள் சிலவற்றைப் பரிசோதித்தது. பட்டியலில் ஆர்செனிக் இல்லை. மறு வருடமே அங்கே அது கண்டுபிடிக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட ஒருவர் லண்டன்வரை வழக்காடினார். 2006இல் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம், எனக்கு மனசு ஒப்பவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்கதேசத்தின் வரம்பு 50. அதைத் தாண்டிய பம்புகளுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குப் பச்சை என்று வர்ணம் அடித்தார்கள். சிவப்புப் பம்பிலும் தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. பக்கத்தில் வேறு பம்பு இல்லாதவர்கள் அதிலேயே குடத்தை வைத்தார்கள்.