தன்பதிவேடும் கணினியும்

பெங்களூரில் கணினி வேலை பார்க்கும் சுந்தரபாண்டியத்துப் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் 'டிக்கெட்' என்று அடிக்கடி சொல்கிறார்கள். பஸ் டிக்கெட் இல்லை. புகாருக்குக் கொடுக்கும் எண். இந்த வேலைக்குத் தகவல் தொழில்நுட்பச் சேவை மேலாண்மை என்று பெரிய பெயர். கேட்டால், நம் பழைய ஆபீஸ் வேலைதான்!

சென்னை மாகாணக் காலத்தில் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேய அதிகாரி பெயரால் ஒரு அலுவலக நடைமுறை வந்தது. வந்த தபாலுக்கு ந.க. எண் உண்டு. எழுத்தர் ஒவ்வொருவருக்கும் தன்பதிவேடு உண்டு. மனு யாரிடம், எத்தனை நாளாக நிற்கிறது என்பதைக் கண்காணிப்பாளர் அதைப் புரட்டியே பிடித்துவிடுவார். 1985-ல் ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்து, நம் பகுதி காமராசர் மாவட்டத்துக்குப் போனபோது, கோப்புகளைப் பிரித்துக் கொடுக்க உதவியவை இந்த எண்களும் பதிவேடுகளும்தான்.

1980-களில் பிரிட்டன் அரசுக்கும் இதே தலைவலி. ஒவ்வொரு துறையும் கணினியை ஒவ்வொரு விதமாக நடத்தியது. நல்ல நடைமுறைகளைத் தொகுத்து, 1989 முதல் அரசு முகமை ஒன்று புத்தகங்களாக வெளியிட்டது. அதுவே 'ஐட்டில்'. 2005-ல் ஐ.எஸ்.ஓ. 20000 என்ற உலகத் தரமும் வந்தது.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: புகாருக்கு ஓர் எண், பொறுப்புக்கு ஓர் ஆள், முடிக்க ஒரு கெடு, முடித்ததற்கு ஒரு பதிவு. பிரெஞ்சில் படித்த எனக்கு 'சுய்வி' என்ற சொல் நினைவுக்கு வருகிறது. எடுத்த காரியத்தைக் கடைசிவரை விடாமல் பின்தொடர்வது என்று பொருள்.

ஐட்டில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறது. புகார் வேறு, புகாரின் காரணம் வேறு. ஒரே தெருவில் பத்துப் பேர் பட்டாவில் ஒரே பிழை என்று மனுக் கொடுத்தால், நம் பதிவேட்டில் அவை பத்து எண்கள். பத்தையும் தீர்ப்போம், பிழை எங்கே நுழைந்தது என்று தேடமாட்டோம். பதினோராவது ஆளும் வருவார். அந்தக் காரணத்துக்கும் தனியாக ஓர் எண் போட்டு, ஓர் ஆளை நியமிக்க வேண்டும் என்பது ஐட்டில் முறை.

இன்று 1100-க்குப் போன் செய்தாலும் எண் கிடைக்கிறது. நல்லதுதான். ஆனால் கணினியும் ஒரு பதிவேடே. அதை வாரம் ஒருமுறை திறந்து, "இது ஏன் நிற்கிறது?" என்று கேட்க ஒருவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால், முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட்ட பாட்டி எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்.