நம்ம பக்கத்து ஓவியர் கிராமம்

நாவலூரிலிருந்து சோழிங்கநல்லூர் சிக்னல் போய், வலப்பக்கம் திரும்பி ஈ.சி.ஆரைப் பிடித்தால், கொஞ்ச தூரத்தில் ஈஞ்சம்பாக்கம். அங்கேதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. நம்மில் பலர் பெயர்ப்பலகையைப் பார்த்ததோடு சரி!

இதை உருவாக்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் கோவையில் பிறந்தவர். எழும்பூர் ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அவருக்கு ஒரு கவலை. மாணவர்கள் நன்றாக வரையக் கற்றுக்கொள்கிறார்கள், ஆனால் படித்து முடித்ததும் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போய், தூரிகையையே மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் ஏது?

பணிக்கரும் மாணவர்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடலோரமாகச் சுமார் 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். 1966-ல் கிராமம் பிறந்தது. அரசாங்கமோ பணக்காரரோ கட்டிக்கொடுத்ததல்ல, ஓவியர்களே உழைத்துச் சம்பாதித்தது. பகலில் கைத்தொழில் சோறு போட்டது, மிச்ச நேரம் கலைக்கு!

இங்கே வாழ்ந்தவர்கள் சிலரைப் பார்ப்போம். எழுத்துகளையும் குறியீடுகளையும் வைத்துப் பணிக்கர் வரைந்த ஓவிய வரிசை மிகவும் புகழ் பெற்றது. கே. ராமானுஜம் பேனா மையில் ஒரு கனவு உலகத்தையே வரைந்தவர். மனநோயால் அவதிப்பட்ட அவர் 1973-ல் இளம் வயதிலேயே மறைந்தார். வி. விஸ்வநாதன் பாரிசுக்குப் போய்ப் பெயர் பெற்றார். எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, சிற்பி பி.எஸ். நந்தன் ஆகியோரும் இந்தக் கிராமத்தின் பிள்ளைகளே. பணிக்கர் 1977-ல் காலமானார். அவருடைய மகன் எஸ். நந்தகோபால் செம்பு, பித்தளையில் சிற்பங்கள் செய்தார். 2017-ல் மறையும் வரை கிராமத்தை முன்நின்று நடத்தியவரும் அவர்தான். 2009-ல் இங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. சென்னை ஓவியர்களின் முக்கியமான படைப்புகளை அங்கே பார்க்கலாம்.

1966-ல் இந்த இடம் வெறும் மணல்மேடு. இன்று ஈ.சி.ஆரில் நிலத்தின் விலை உங்களுக்கே தெரியும். கையில் காசில்லாத இளம் ஓவியர்கள் கூட்டாகச் சேர்ந்து இப்படி ஒரு ஊரை இனி உருவாக்க முடியுமா? கஷ்டம்தான். ஆனால் பணிக்கரின் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. பிடித்த கலையையும் விடாமல், வயிற்றையும் காயப்போடாமல் வாழ்வது எப்படி? தனியாக முடியாததை முப்பது பேர் சேர்ந்து செய்து காட்டினார்கள் என்பதுதான் ஈஞ்சம்பாக்கம் நமக்குச் சொல்லும் பதில்.

அடுத்த முறை மகாபலிபுரம் போகும்போது, வண்டியை ஒரு அரைமணி நேரம் அங்கே நிறுத்திப் பாருங்கள் நண்பர்களே!