பிளக்குக்கு எண் பிறந்த கதை

சென்னையை அடுத்த கூடுவாஞ்சேரிக்கு வடக்கே வண்டலூர், தெற்கே மறைமலை நகர். ஜி.எஸ்.டி. சாலையின் இந்த இரண்டு ஊர்களிலும் கார் தயாராகியிருக்கிறது. வண்டலூர் ஸ்டாண்டர்டு ஆலையின் ஹெரால்டு 1961-இல் வந்தது, 948 சி.சி. என்ஜின், சுமார் 40 குதிரைத்திறன். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து 2013-இல் வந்த ஈகோஸ்போர்ட்டின் டர்போ பெட்ரோல் என்ஜினும் ஒரு லிட்டர்தான். ஆனால் 120 குதிரைத்திறனுக்கு மேல்! அதே இடத்துக்குள் மூன்று மடங்கு வேலை நடந்தால் சூடு ஏறாமல் இருக்குமா? அந்தச் சூட்டுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பது ஸ்பார்க் பிளக்.

பாரிஸில் லெனுவார் 1860-இலேயே தன் வாயு என்ஜினில் மின்பொறியைப் பயன்படுத்திவிட்டார். ஆனாலும் டைம்லரின் முதல் கார்களில் எரிபொருளைப் பற்றவைத்தது, பர்னரில் பழுக்கக் காய்ச்சிய குழாய்தான். பெட்ரோல் பக்கத்திலேயே திறந்த நெருப்பு. அந்தக் காலத்து ஓட்டுநர்களின் துணிச்சலை என்ன சொல்ல! 1902-இல் பாஷ் நிறுவனப் பொறியாளர் கோட்லோப் ஹோனோல்டு, பொறிக்கு மின்சாரம் தரும் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் சேர்த்து உருவாக்கினார். குழாய்க்கு வேலை போனது.

புதுச் சிக்கல் பிறகு வந்தது. பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் கரி எரிந்து போகாமல் அப்பிக்கொள்ளும். வண்டி மிஸ் அடிக்கும். 900 டிகிரியைத் தாண்டினாலோ முனையே கனன்று, பொறி வருமுன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். பிஸ்டனில் ஓட்டை விழுவதும் உண்டு. ஒரே பிளக் எல்லா என்ஜினுக்கும் ஆகாது என்பது தெளிவானதும், 1927-இல் பாஷ் பிளக்குகளுக்குச் சூட்டு மதிப்பு கொடுக்கத் தொடங்கியது. சோதனை என்ஜினில் ஒரு பிளக் கனன்றுவிடாமல் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பதிலிருந்து வந்த எண் அது.

வித்தியாசம் உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கானில். மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேற நேரமாகும். அது ஹாட் பிளக். குட்டை மூக்கு கோல்டு பிளக். ஹாட் பிளக் போட்டால் பொறி பலமாக வரும் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பொறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஹெரால்டு போன்ற சாதுவான என்ஜினுக்கு ஹாட் பக்கம் சாய்ந்த பிளக் பொருந்தும். டர்போவுக்குக் கோல்டு வேண்டும்.

எண் வந்தும் குழப்பம் தீரவில்லை. என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏறக் கோல்டு. சாம்பியனில் ஏற ஏற ஹாட். முதலில் கோல்டு பிளக்குக்குப் பெரிய எண் கொடுத்த பாஷே பிற்பாடு அதைத் தலைகீழாக்கியது. ஆகவே கம்பெனி மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். காருடன் வந்த கையேட்டில் இருக்கும் முழுக் குறியீட்டையும் கடைக்காரரிடம் காட்டி, அதற்கு ஈடான பிளக்கைக் கேளுங்கள். மரை நீளத்தையும் முனை இடைவெளியையும் கூடவே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.