லினக்ஸ் கர்னலின் லாக்கும் அதைச் சோதிக்கும் ஷெல் நிரல்களும்

மழைக்காலம் வந்தால் தேனி மாவட்டச் செய்திகளில் தினமும் ஒரு பட்டியல் வரும். முல்லைப் பெரியாறு நீர்மட்டம், வைகை அணை நீர்மட்டம், தேக்கடியில் பெய்த மழை என்று. ஒருநாள் தேக்கடிக்கு நேராக ஒன்றுமே இல்லை என்றால்? மழை பெய்யாமல் இருந்திருக்கலாம். மழைமானியை யாரும் பார்க்காமலும் இருந்திருக்கலாம். வெற்று இடத்தை வைத்து எது என்று சொல்ல முடியாது. லினக்ஸ் கர்னல் எழுதும் நெட்வொர்க் லாக்கிலும் இதே சிக்கல்தான்.

லாக் எழுதும் வழக்கம் லினக்ஸுக்கு முந்தையது. 1980களின் தொடக்கத்தில் எரிக் ஆல்மன் தன் சென்ட்மெயில் நிரலுக்காக சிஸ்லாக்கை உருவாக்கினார். 1994இல் ஆலன் காக்ஸ் பி.எஸ்.டி.யின் பாக்கெட் வடிகட்டியை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 2001 ஜனவரியில் வந்த 2.4 கர்னலில் ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிய நெட்ஃபில்டரும் ஐபிடேபிள்ஸும் இடம்பெற்றன. அதில் ஒரு பாக்கெட் போனால் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று ஒரு வரி எழுதிவைக்கும் விதி உண்டு. யாராவது கணினிக்குள் புக முயன்றால் நிர்வாகி முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

2008க்குப் பிறகு கதை மாறியது. ஒரே கணினிக்குள் பல தனித்தனி நெட்வொர்க்குகளை வைக்க உதவும் 'நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்' கர்னலுக்குள் வந்தது. இன்றைய கன்டெய்னர்களுக்கு இதுதான் அடிப்படை. ஆனால் கர்னலின் லாக் ஒன்றே ஒன்றுதான், அதன் அளவும் கொஞ்சம்தான். நிறைந்துவிட்டால் பழைய வரிகள் அழியும். ஒரு கன்டெய்னர் வேண்டுமென்றே லாக்கை நிரப்பி மற்றவர்களின் தடயத்தை அழித்துவிடலாம் அல்லவா? இதற்குப் பயந்து 2013இல் கன்டெய்னருக்குள்ளிருந்து இந்த லாக்கில் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள்.

காரணம் நியாயமானதுதான். விளைவுதான் விபரீதம். விதியைப் போட்டால் கர்னல் பிழை எதுவும் சொல்லாது, ஏற்றுக்கொள்ளும். லாக் மட்டும் வராது! 2016இல்தான், நிர்வாகி விரும்பினால் எல்லா நேம்ஸ்பேஸ்களிலிருந்தும் லாக் எழுத அனுமதிக்கும் ஒரு சுவிட்ச் சேர்க்கப்பட்டது.

இப்படிப்பட்ட மௌனத்தைக் கண்டுபிடிக்க என்ன வழி? சோதனை எழுதுவதுதான். அதற்குப் பெரிய மொழி எதுவும் தேவையில்லை, 1979இல் ஸ்டீவ் போர்ன் யூனிக்ஸுக்குக் கொடுத்த ஷெல்லின் வழிவந்த ஷெல்லே போதும். தேனி, சின்னமனூர், கம்பம் என்று மூன்று நேம்ஸ்பேஸ்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சின்னமனூர் ரவுட்டர். இரண்டு பக்கமும் மெய்நிகர் கம்பிகள். சின்னமனூரில் லாக் விதியைப் போட்டு, தேனியிலிருந்து கம்பத்துக்கு ஒரு பிங் அனுப்பி, கர்னல் லாக்கில் வரி வந்ததா என்று 'க்ரெப்' செய்ய வேண்டும்.

இத்தோடு முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அந்த வரி நேற்றைய சோதனையின் மிச்சமாக இருந்தால்? அதனால் ஒவ்வொரு முறையும் லாக்கில் ஓர் அடையாள வரியை எழுதிவிட்டு, அதற்குப் பின் வந்ததை மட்டும் பார்க்க வேண்டும். பிறகு விதியை நீக்கிவிட்டு மறுபடி பிங் அனுப்ப வேண்டும். இப்போது பிங் போய்ச் சேர வேண்டும், ஆனால் வரி வரக்கூடாது. பிங்கே போகாமல் வரி வரவில்லை என்றால் அந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. வரி வந்துசேரும் என்று 'ஸ்லீப் 1' போட்டுக் காத்திருக்கும் நிரல்கள் வேகமான கணினியில் தேறி, சுமை கூடிய கணினியில் தோற்கும். இது எல்லோரும் செய்யும் தவறு.

இதில் இந்தியர்களின் பங்கும் உண்டு. எஸ்.ஜி.ஐ. நிறுவனம் தொடங்கிய லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட்டில் நெட்வொர்க் சோதனைகள் பெரும்பாலும் ஷெல் நிரல்களே. 2000களின் பிற்பகுதியில் அந்தத் திட்டத்தைப் பராமரித்தவர்களில் இந்தியாவில் ஐ.பி.எம்.மில் பணியாற்றிய பொறியாளர்களும் இருந்தனர். பின்னர் கர்னலின் மூலநிரலுக்குள்ளேயே 'செல்ஃப்டெஸ்ட்' என்ற சோதனைத் தொகுப்பு வந்தது. அதில் சோதனை தேறினால் 0, தோற்றால் 1, தேவையான வசதி இல்லாமல் சோதிக்கவே முடியவில்லை என்றால் 4 என்று நிரல் திருப்பித் தர வேண்டும். மழை இல்லை என்பதும் மழைமானி இல்லை என்பதும் அங்கே வேறு வேறு எண்கள்.

2014இல் நடைமுறைக்கு வந்த என்எஃப்டேபிள்ஸில் விதிகளை யார் மாற்றினாலும் தணிக்கை லாக்கில் எழுதும் வசதி 2020இல் சேர்ந்தது. வரிகள் அளவுக்கு மீறிக் குவிந்ததால் 2021இல் ஒரு டேபிளுக்கு ஒரு வரி என்று சுருக்கினார்கள். 2023இல், விதிகளின் எண்ணிக்கைமானியைப் பூஜ்யமாக்கினாலும் அதை எழுத வேண்டும் என்று முடிவானது. எத்தனை பாக்கெட் போனது என்ற கணக்கை ஒருவர் அழித்துவிட்டால், அழித்ததற்கான அந்த ஒரு வரிதான் மிச்சம். அதே ஆண்டில் ஃபில் சட்டர் இதற்கென ஒரு ஷெல் சோதனையை எழுதினார். ஒவ்வொரு கட்டளைக்கும் எத்தனை வரி வரவேண்டும், அதில் எத்தனை உருப்படிகள் என்று எழுதியிருக்க வேண்டும் என்பதை அது ஒப்பிடும். ஒரு எண் மாறினாலும் சோதனை தோற்றுவிடும்.