பட்டறைக்குள் வேலை எப்படி நகர்கிறது? சிறுதொழில் செய்வோருக்குப் பாய்வுப்படம்

பாஸ்போர்ட் எடுக்க சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் சேவை மையங்களில் ஏதேனும் ஒன்றுக்குப் போய்வந்தவர்களுக்கு ஏ, பி, சி கவுண்ட்டர்கள் நினைவிருக்கும். ஏ கவுண்ட்டரில் டிசிஎஸ் நிறுவன ஊழியர் ஆவணங்களை ஸ்கேன் செய்து, புகைப்படமும் விரல்ரேகையும் எடுத்துக்கொள்கிறார். பி கவுண்ட்டரில் அரசு ஊழியர் அசல் ஆவணங்களைச் சரிபார்க்கிறார். சி கவுண்ட்டரில் உள்ள அதிகாரி, வழங்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிறார். 2008இல் வெளியுறவு அமைச்சகம் டிசிஎஸ்ஸுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியே வந்த ஏற்பாடு இது. தனியார் ஊழியர் எதுவரை செய்யலாம், அரசு அதிகாரி மட்டுமே செய்ய வேண்டியது எது என்ற எல்லை அந்த மூன்று எழுத்துகளிலேயே தெரிகிறது.

ஒரு வேலை யாரிடம் தொடங்கி, யார் கைக்கு மாறி, எங்கே கேள்வி எழுந்து, எங்கே முடிகிறது என்பதை இப்படிப் பிரித்துத் தாளில் வரைவதைத்தான் ஃப்ளோ சார்ட் என்கிறார்கள். பள்ளிக் கணினிப் பாடத்தில் பாய்வுப்படம் என்று படித்திருப்போம். நீள்வட்டம் என்றால் தொடக்கம் அல்லது முடிவு. செவ்வகம் என்றால் ஒரு செயல். சாய்சதுரம் என்றால் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வி. இவற்றை இணைப்பவை அம்புக்குறிகள். பரீட்சையோடு அதை மறந்துவிட்டோம். பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் என்று ஒதுக்கியும் விட்டோம்.

ஆனால் இது கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் கொத்தனார் வேலையில் வாழ்க்கையைத் தொடங்கியவர். ஒரு செங்கல்லை எடுத்து வைப்பதற்குள் கொத்தனாரின் கை எத்தனை முறை வீணாக அசைகிறது என்று எண்ணிப் பார்த்து, 18 அசைவுகளை ஏறத்தாழ 5ஆகக் குறைத்தார். அவரும் மனைவி லில்லியனும் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் 'செயல்முறைப் படம்' என்ற முறையை முன்வைத்தார்கள். அதே சங்கம் 1947இல் இதற்கென ஐந்து குறிகளை வகுத்தது. வேலை செய்வதற்கு வட்டம், இடம் மாற்றுவதற்கு அம்பு, சோதிப்பதற்குச் சதுரம், இருப்பு வைப்பதற்கு முக்கோணம், காத்திருப்பதற்கு ஆங்கில 'டி' எழுத்து வடிவம்.

அந்தக் கடைசிக் குறியை நான் பெரிதாக மதிக்கிறேன். கணினிப் பாடத்து ஃப்ளோ சார்ட்டில் காத்திருப்புக்கென்று தனிக் குறி கிடையாது. நம் தொழில்களிலோ நேரம் கரைவதெல்லாம் காத்திருப்பில்தான்.

ஈக்காட்டுத்தாங்கலையே எடுத்துக்கொள்வோம். 1958இல் தொடங்கப்பட்ட கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதி இது. ஒருபக்கம் கண்ணாடிச் சுவர் போட்ட ஐடி அலுவலகங்கள், மறுபக்கம் நாலைந்து பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகள். இப்படிப்பட்ட பட்டறைகளில் ஆர்டர் எங்கே நிற்கிறது, எந்தச் சரக்கு முலாம் பூச வெளியே போயிருக்கிறது, யார் பணம் தர வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் முதலாளி ஒருவரின் தலைக்குள் இருக்கும். அவர் உம்ராவுக்குப் போனாலோ ஆஸ்பத்திரியில் படுத்தாலோ மகன் போன் மேல் போன் போட வேண்டியதுதான். மௌத்தாகிவிட்டால் கேட்பதற்கும் ஆளில்லை.

ஒரு லேத் பட்டறையின் ஜாப் ஒர்க்கை வரைந்து பார்ப்போம். கம்பெனியிலிருந்து வாட்ஸ்அப்பில் டிராயிங் வருகிறது. டெலிவரி சலானோடு இரும்பு வருகிறது. எண்ணிக்கை சரியா? இங்கே ஒரு சாய்சதுரம். சரியென்றால் லேத்துக்குப் போகிறது. பிறகு துளை போடுவது. பிறகு முலாம் பூச வெளியே. அங்கே 'டி' குறி. எத்தனை நாள் என்று பக்கத்தில் எழுதுங்கள். திரும்பி வந்ததும் வெர்னியர், மைக்ரோமீட்டர் வைத்து அளவு பார்ப்பது சதுரம். அளவு தப்பினால் மறுபடி லேத்துக்கா, கழிவுக்கா? இதற்கும் ஒரு சாய்சதுரம் வேண்டும். கழிவு என்றால் அதன் நஷ்டம் யாருக்கு என்பதும் அந்த இடத்திலேயே எழுதப்பட வேண்டும். கடைசியில் சரக்கு அனுப்புவது, பில் போடுவது, பணம் வருவது.

பலரும் இத்தோடு முடித்துவிடுவார்கள். அனுப்புவதற்கும் பில்லுக்கும் நடுவே ஒரு பெட்டி விடுபட்டிருக்கிறது: சரக்கைப் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்திட்ட சலான் நம் கோப்புக்குத் திரும்பி வருவது. ஆட்டோவில் சரக்கு போனது, டிரைவர் இறக்கினார், வந்துவிட்டார். சலான் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அந்தக் காகிதத்தின் மதிப்பு என்னவென்று பாருங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரப்பட வேண்டும். இந்த நாள்கணக்கு பில் தேதியிலிருந்து ஓடுவதல்ல. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடுவது. சரக்கு சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். அது எந்த நாள் என்று காட்டுவது அந்தச் சலான்தான். 2023 நிதிச் சட்டத்தின்படி, இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, கொடுத்து முடிக்கும்வரை வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கவும் முடியாது. இந்தப் பாதுகாப்பு உற்பத்தியும் சேவையும் செய்வோருக்கானது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குக் கிடைக்காது.

தாமதத்துக்குச் சட்டம் கூட்டுவட்டியும் விதிக்கிறது. வட்டியைத் தொடாதவர்களுக்கு வேண்டியது அசல் மட்டுமே. அந்த அசலைக் கேட்டு வசதியாக்க மன்றத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது ஆவணம்தான். கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதி வைக்கச் சொல்லும் அல்பகறா 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது என்பது நமக்குப் புதிதல்ல.

பங்குத் தொழிலில் இதன் தேவை இன்னும் அதிகம். ஜமாஅத்துக்கு வரும் பங்காளிச் சச்சரவுகளில் லாபக் கணக்கைவிட, 'அந்த ஆர்டரை ஒத்துக்கொள்ள உன்னை யார் சொன்னது?' என்ற கேள்விதான் முதலில் வெடிக்கிறது. இதற்குப் படத்தை நெடுக்குப் பத்திகளாகப் பிரித்து வரைவது நல்லது. ஆளுக்கொரு பத்தி: ஒரு பங்காளி, மற்றவர், லேத்காரர், கணக்கர். யார் செய்யும் வேலையோ அந்தப் பெட்டி அவர் பத்திக்குள் விழ வேண்டும். நீச்சல் குளத்தின் தடங்களைப் போலிருப்பதால் ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்விம்லேன்' என்று பெயர். அம்பு ஒரு பத்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடங்களை மட்டும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். பொருள் காணாமல் போவதும், 'நான் சொன்னேனே', 'நீ சொல்லவில்லையே' என்பதும் அங்கேதான். சாய்சதுரம் இரண்டு பேர் பத்தியிலும் விழுகிறதென்றால் அந்த முடிவு யாருடையது என்று இன்னும் பேசவில்லை என்று அர்த்தம். எவ்வளவு தொகை வரை ஒருவர் தனியாக முடிவெடுக்கலாம் என்பதை அந்தச் சாய்சதுரத்தின் பக்கத்திலேயே எழுதி, இருவரும் கையெழுத்திடலாம்.

இதற்கு மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களுக்கென பிபிஎம்என் என்றொரு விரிவான குறியீட்டு முறை உண்டு. நாலைந்து பேர் பட்டறைக்கு அது தேவையேயில்லை. சார்ட் அட்டையும் பென்சிலும் போதும். ஆனால் முதலாளியை உட்காரவைத்து அவர் சொல்லச் சொல்ல வரையாதீர்கள். வேலை எப்படி நடக்க வேண்டும் என்றுதான் அவர் சொல்வார். எப்படி நடக்கிறது என்பது லேத்காரருக்கும் ஆட்டோ டிரைவருக்கும்தான் தெரியும். ஒரு ஆர்டரைத் தேர்ந்தெடுத்து, அந்த இரும்பு உள்ளே வந்த நிமிடத்திலிருந்து அதன் பின்னாலேயே போய், நின்ற இடத்தில் நின்று, கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வரைந்ததை வேலை செய்பவர்களிடம் காட்டினால், 'இது இப்படி இல்லையே பாய்' என்று இரண்டு மூன்று இடத்திலாவது திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களோடு இரண்டாவது தடவை வரைந்த படத்தையே சுவரில் ஒட்டுங்கள். கீழே தேதியும் போட்டு வையுங்கள். ஆள் மாறினாலோ இயந்திரம் மாறினாலோ படத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.