ஊரும் பிரமதேயமும்: கராஷிமாவின் ஆய்வு நெறி பற்றிய ஒரு நோக்கு

இடைக்காலத் தமிழகத்தின் வரலாறு நெடுங்காலம் பெரும்பாலும் மன்னர்தம் போர்களும் கோயிற்றிருப்பணிகளுமாகவே எழுதப்பட்டு வந்தது. நிலம் யாருக்கு உரியதாயிருந்தது, அதில் உழைத்தோர் யாவர், உபரி விளைவு யாரைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டிருந்தன. இவ்வினாக்களைத் தம் வாழ்நாள் ஆய்வாக வரித்துக்கொண்டவருள் யப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா (1933–2015) தனியிடம் பெறுகின்றார்.

அவர் எதிர்கொண்ட கோட்பாட்டுச் சிக்கல் மார்க்சியர்க்கும் உரியது. 1853இல் இந்தியா பற்றி எழுதிய கட்டுரைகளில் காள் மார்க்ஸ், இந்தியக் கிராமத்தைத் தன்னிறைவுற்றுத் தேங்கிக் கிடந்த ஓர் அமைப்பாகக் கண்டார். ‘மூலதனம்’ முதற் பாகத்திலும் (1867) பொது நிலவுடைமை கொண்ட, மாற்றங் காணாத சமுதாயமாக அது சித்திரிக்கப்படுகின்றது. அக்காலத்தில் அவருக்குக் கிடைத்த சான்றுகளிற் பல ஆங்கில ஆட்சியாளரின் அறிக்கைகளே என்பது மனங்கொள்ளத்தக்கது.

கராஷிமா இக்கருத்தைக் கல்வெட்டுகளைக் கொண்டு சோதித்தார். திருச்சிராப்பள்ளியை அடுத்த அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரு சோழர்காலக் கிராமங்களை ஒப்பிட்டு 1966இல் அவர் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் முக்கியமானது. வேளாளர் ஊராகிய அல்லூரில் நிலம் ஊராரின் கூட்டுரிமையில் இருந்தது. உரிமையாளரே பயிரிடுவோராயும் இருந்தனர். பிரமதேயமாகிய ஈசானமங்கலத்திலோ பிராமணர் தனித்தனியே நிலம் வைத்திருந்தனர், பயிரிட்டோர் வேறாயினர். எனவே, அடுத்தடுத்த கிராமங்களிலேயே இருவேறு உற்பத்தி உறவுகள் ஒரே காலத்தில் நிலவின என்பது பெறப்படும்.

அவர் அத்துடன் அமையவில்லை. பிற்காலச் சோழர் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகளை ஆராய்ந்து, 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் காவிரியின் கீழ்ப் பள்ளத்தாக்கில் பிரமதேயமல்லாத ஊர்களிலும் தனியார் நிலவுடைமை பரவியதையும், பெருநிலக்கிழார் தோன்றியதையும் நிறுவினார். ஆகவே, மாற்றமற்ற கிராமம் என்பது வரலாற்றுண்மை அன்று. எ. சுப்பராயலு, தோரு மத்சுயி ஆகியோருடன் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுதி, தனிச்சான்றுகளைச் சேர்த்துத் தொகைநிலையில் நோக்கும் நெறிக்கு அடித்தளமிட்டது. சுப்பராயலுவுடன் இணைந்து அவர் ஆராய்ந்த 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வலங்கையினரும் இடங்கையினரும் ஒன்றுபட்டு, அரச அதிகாரிகளும் காணியாளரும் சுமத்திய வரிக்கொடுமையை எதிர்த்தமையைக் காட்டுகின்றன.

இம்முடிவுகள் மார்க்சியத்துக்குத் தோல்வி எனச் சிலர் கருதலாம். அது பொருந்தாது. மார்க்சின் ஒரு கூற்றைக் காப்பதற்காகத் தமிழர் வரலாற்றிலிருந்து வர்க்க முரண்பாட்டையும் இயக்கத்தையும் நீக்கிவிடுவதே அவருடைய முறைக்கு மாறானது. கராஷிமாவின் சான்றுகள் அவ்விரண்டையும் மீட்டுத் தருகின்றன.

எனினும் சான்றுகளுக்கும் வர்க்கச் சார்பு உண்டு. கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்டவை பெரும்பாலும் கொடுத்தோர், விற்றோர், வாங்கியோர் பெயர்களே. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் குறிக்கப்படுகின்றன. ஆயின் அவை அங்கு வரி நீங்கிய நிலங்களின் பட்டியலில் இடம்பெறுகின்றனவேயன்றி, அங்கு வாழ்ந்தோரின் குரல் அங்கில்லை. இலக்கிய மாணவர் பணி இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. பள்ளர் உழைப்பைப் பாடுபொருளாகக் கொண்டும் ஆண்டையர் சுவைக்கேற்ப அமைந்த பள்ளுப் பிரபந்தங்களைக் கல்வெட்டுகளோடு இணைத்து நோக்குவோமாயின், நிலத்தில் உழைத்தோரின் வரலாறு ஓரளவேனும் துலங்கும். அவ்வரலாறு எழுதப்படும்வரை தமிழர் சமூக வரலாறு குறையுடையதே.