நுண் எந்திரங்களில் இழைக் கூட்டுப்பொருட்கள்

நாகர்கோவிலை அடுத்த முட்டம், குளச்சல் கடற்கரைகளில் 'பைபர் வள்ளம்' என்று சொல்லப்படுவது, கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து அடுக்கடுக்காகப் படியவைத்துச் செய்த படகு. இழை இழுவிசையைத் தாங்கும். பிசின் இழைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இத்தகைய பொருளே இழைக் கூட்டுப்பொருள். இதே முறையில், கண்ணாடிக்குப் பதில் கார்பன் இழையைக் கொண்டு, ஈயளவு எந்திரங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்யப்பட்டு வருகின்றன.

நுண் எந்திரங்களுக்கு முதலில் கைகொடுத்தது சிலிக்கன். சில்லு செய்யும் முறையிலேயே அசையும் உறுப்புகளையும் செதுக்கலாம் என்பதை 1982-ல் கர்ட் பீட்டர்சன் எழுதிய கட்டுரை பரவலாக அறியச் செய்தது. ஆனால் சிலிக்கன் எளிதில் நொறுங்கும். மிகச் சிறிதளவே அசையும் உணரிகளுக்கு அது போதும், சிறகடிக்கப் போதாது.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஃபியரிங் குழுவினர் 1998-ல் செயற்கைப் பூச்சி ஒன்றைச் செய்யத் தொடங்கினர். முதலில் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை மடித்து உறுப்புகள் செய்தார்கள். அது கனத்தது. ராபர்ட் வுட், ஸ்ரீநாத் அவதானுலா உள்ளிட்டோர் 2003-ல் வெளியிட்ட கட்டுரையில், பூச்சியின் மார்புப் பகுதி கார்பன் இழைக்கு மாறியிருந்தது. அதன் அடர்த்தி எஃகில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

எடை மட்டுமே சிக்கல் அல்ல. ஒரு பொருளின் நீளத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் பரப்பு நூறில் ஒன்றாகும். எடையோ ஆயிரத்தில் ஒன்றாகும். ஆகவே சிறிய எந்திரத்தில் பரப்பு சார்ந்த உராய்வு, எடையோடு ஒப்பிட மிகப் பெரிதாகிவிடும். அச்சும் பேரிங்கும் அங்கே உதவாது. இதற்குக் கண்ட வழி எளிமையானது. இரண்டு கார்பன் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பாலிமைடு படலத்தை ஒட்டுவார்கள். மூட்டு வேண்டிய இடத்தில் மட்டும் கார்பன் இருக்காது; லேசரால் வெட்டி நீக்கப்பட்டிருக்கும். காலிகோ பைண்டிங் செய்த நோட்டின் முதுகுத்துணி போல, படலம் அங்கே மடங்கும். உரசத் தனி உறுப்பே கிடையாது.

ஹார்வர்டுக்குச் சென்ற வுட், 2007-ல் 60 மில்லிகிராம் எடையுள்ள ஈ ஒன்றை மேலெழச் செய்தார். ஆனால் உறுப்புகளை நுண்ணோக்கியின் கீழ் கையால் ஒட்டவேண்டியிருந்தது. 2012-ல் பிரதீவ் ஸ்ரீதரனும் வுட் குழுவினரும் இதற்கு மாற்றை வெளியிட்டனர்: தகடுகளைத் தட்டையாகவே வெட்டி அடுக்கி ஒட்டி, விரித்தால் உருவம் எழுந்து நிற்கும் குழந்தைகளின் படப்புத்தகம் போல, ஒரே அசைவில் எந்திரத்தை எழுப்புவது. கைவேலை பெருமளவு குறைந்தது. 2013-ல் 80 மில்லிகிராம் ரோபோபீ கட்டுப்பாட்டோடு பறந்தது. மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த கௌசிக் ஜெயராம், வுட் முதலியோர் 2020-ல் வெளியிட்ட நான்கு கால் எந்திரத்தின் நீளம் 2.25 செ.மீ., எடை 0.3 கிராம்.

இவையெல்லாம் மின்கம்பியோடு இணைக்கப்பட்டே இயங்கின. 2019-ல் கம்பியை அறுத்துக்கொண்டு பறந்த ஹார்வர்டு பூச்சி, சூரிய ஒளியைவிட வலுவான விளக்கின் கீழ் ஒரு விநாடிக்கும் குறைவாகவே காற்றில் நின்றது.